வைக்க வேண்டிய இடம்

என் தம்பிக்கு ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைக்கும் பழக்கம் சிறு வயதிலிருந்தே கிடையாது. துவைத்து மடித்துக் கொடுத்த துணியைச் சுருட்டி அலமாரியில் திணித்துக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவான். அடுத்துத் திறக்கிறவர் தலையில் அது மூட்டையாக விழும். அந்த அடுத்த ஆள் பெரும்பாலும் நான்தான். அதனால் அவனுக்கு மூட்டை என்று பெயர் வைத்தேன். பெற்றவர்கள் வைத்த பெயரைப் பள்ளிக்கூடமும் பின்னால் மருத்துவமனையும் பயன்படுத்திக்கொண்டன. வீட்டில் கடைசிவரை அவன் மூட்டைதான். அவன் மகள்கூடச் செல்லம் அதிகமானால் அப்படித்தான் கூப்பிடுவாள். அவனும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்காருவான்.

போன மழைக்காலத்தின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி அவனுடைய ஸ்கூட்டரில் மோதியது. அவன் வீட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான். எங்கிருந்து என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அன்று காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவன் ஒரு பின்னலை முடித்ததும் மணியைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறான். "ஒரு சின்ன வேலை இருக்கு. வந்து இன்னொண்ணைப் பின்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுதான் கடைசி. அன்று முழுவதும் அந்தக் குழந்தை ஒற்றைப் பின்னலோடு ஆள் மாற்றி ஆளாக மடி மாறிக்கொண்டிருந்தது. இன்னொன்றைப் பின்னிவிட எங்களில் யாருக்கும் கை வரவில்லை.

அந்தச் சின்ன வேலை என்ன? அதுதான் தம்பி மனைவியை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. அது ஒரு நாள் சமாச்சாரமும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் அவன் காலையிலேயே எங்கோ போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவான். கேட்டால் அதே பதில்தான், சின்ன வேலை. அவன் வேலை பார்த்த மருத்துவமனையாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் இறப்புக்குப் பின் இழப்பீட்டுக்காகக் கேட்டபோது, அன்று அவன் பணியில் இல்லை, அன்றைக்கு அவனை யாரும் அழைக்கவும் இல்லை என்று மருத்துவமனை கைவிரித்துவிட்டது. ஞாயிறன்று அவன் கணினிகளைப் பார்த்துக்கொண்ட மருந்தகமே பத்து மணிக்குத்தான் திறக்கும், அதற்கு முன்னால் யாரும் அவனைப் பார்க்கவும் இல்லை. துக்கம் கேட்க வந்த அவளுடைய சித்தி ஒருத்தி, "அப்போ மாசா மாசம் மாப்பிள்ளை எங்கதான் போனாராம்?" என்று கூடத்தில் நான்கு பேர் காதுபடக் கேட்டுவிட்டுப் போனாள். சிலருக்கு வாய் சும்மா இருக்காது. அந்த ஒரு வாக்கியம் அவள் மனசில் தைத்துக்கொண்டு பிடுங்க முடியாமல் கிடந்தது.

என்னிடம் அவள் நேராகக் கேட்கவில்லை. அவன் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்றே கூப்பிடுவாள். "அக்கா, உங்ககிட்ட எதையும் மறைக்கமாட்டார் இல்ல?" என்றாள் ஒருமுறை. மறைப்பான். என்னிடம்தான் முதலில் மறைப்பான். திட்டு விழும் என்றால் அலமாரிக் கதவைச் சாத்துகிறவன் அவன். ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நானும் அவனும் ஒரே தொழில். சண்டை போட வீடு போதவில்லை என்று ஒரே மருத்துவமனையில் வந்து சேர்ந்தோம். எனக்கு மருத்துவமனையின் பொதுக் கணினிகள் ஓடும் சர்வர் அறை. அவனுக்கு மருந்தகத்தின் கணினிகள். மருந்தகத்துக்கு உள்ளே கலவை அறை என்று ஒன்று உண்டு. குறைமாதத்தில் பிறந்து வாயால் பால் குடிக்க முடியாத குழந்தைகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் கரைசலை அங்கேதான் தயாரிப்பார்கள். சர்க்கரை, உப்புகள், புரதம், கொழுப்பு என்று ஒவ்வொன்றும் அந்தக் குழந்தையின் அன்றைய எடைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். மருத்துவர் எடையையும் தேவையையும் தட்டெழுதினால் அளவுகளைக் கணக்கிட்டு ஒரு சின்ன லேபிளை அச்சிடும் நிரலை என் தம்பி எழுதினான். மருந்தாளர் அந்த லேபிளைப் பார்த்துக் கலந்து, அதையே பையில் ஒட்டி வார்டுக்கு அனுப்புவார். நிரல் அருமையான நிரல். மற்ற எதில் அசிரத்தையாக இருந்தாலும் கணக்கில் அவன் புலி.

அந்த நிரலை அவன் எங்கே வைத்தான் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் எதை எங்கே வைப்பது என்பதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. கணினியோடு வந்த நிரல்களுக்கு யூஎஸ்ஆர் என்ற டைரக்டரி, அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஓர் இடம். அதற்குள்ளேயே லோக்கல் என்று ஒரு மூலை, நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளும் சில்லறைச் சாமான்களுக்கு. முழுசாக ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்றால் அதற்கு ஆப்ட் என்று தனி இடம். ஆப்டுக்குள் அந்த மென்பொருளுக்கு மட்டும் ஓர் அறை. ஓடுகிற ஃபைல், படிக்கிற ஃபைல், அட்டவணை எல்லாம் அந்த ஒரே அறையில். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது யூஎஸ்ஆரில் கை வைக்கும். லோக்கலிலும் ஆப்டிலும் வைக்காது. இதெல்லாம் யாரோ பொழுதுபோகாமல் போட்ட விதி என்று என் தம்பி நினைத்தான்.

அந்த நிரலை அவன் நிறுவிய அன்று, கலவை அறைக்கு வெளியே இருந்த மேசையில் அவன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கடா போட்டிருக்க?" என்று கேட்டேன்.

"யூஎஸ்ஆர்லதான்."

"அறிவிருக்கா உனக்கு? அது சிஸ்டத்தோட இடம். நாளைக்கு அப்டேட் வந்தா உன் ஃபைல் மேலயே அது தன் ஃபைலைப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கும். அப்ப யார்கிட்ட போய் அழுவ?"

"உன்கிட்டதான்" என்றான். சிரிப்பு வேறு.

"ஆப்ட்ல தனியா ஒரு ரூம் போட்டு வை."

"அக்கா, வீட்டுக்கு வந்தவனை மாடி ரூம்ல தனியா இருடான்னு சொல்ற மாதிரி இருக்கு உன் ஆப்ட். வந்துட்டான், நம்ம ஆளு. எல்லாரோடயும் கலந்து இருந்துட்டுப் போகட்டுமே."

"வீட்டையே இடிச்சுக் கட்டினாலும் அந்த மாடி ரூமை யாரும் தொடமாட்டாங்க. காலி பண்றதா இருந்தாலும் ஒரே வண்டியில ஏத்திடலாம். கலந்து கிடந்தா எது உன்னுது எது சிஸ்டத்துதுன்னு உனக்கே தெரியாமப் போயிடும்."

"சரி, சரி. மாத்தறேன். அப்புறம்."

அப்புறம் என்பது அவனுக்குப் பிடித்த சொல். அது வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். எங்கள் கணினிப் பிரிவின் விதிப்படி எல்லாக் கணினிகளும் மாதத்தின் முதல் ஞாயிறு விடிகாலையில் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். மாதங்கள் போயின, வருடங்களும் போயின, அவன் நிரல் ஒரு நாளும் நிற்கவில்லை. "பார்த்தியா?" என்று புருவத்தைத் தூக்குவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் இறந்த பிறகு அந்தக் கணினியைத் தொடவே எல்லோரும் பயந்தார்கள். அதன் கடவுச்சொல் அவனோடு போய்விட்டது. கணினியை நிறுத்தித் திறக்கலாம்தான். ஆனால் கலவை அறை ஒரு நாளும் நிற்கக் கூடாது. தெரியாத கணினியில் புது அப்டேட் எதுவும் போய் எதையாவது கெடுத்து வைக்க வேண்டாம் என்று எங்கள் பக்கமிருந்து அது வரும் வழியை அடைத்துவிட்டோம். அது அப்படியே, அவன் கடைசியாக விட்ட நிலையிலேயே, மூலையில் உறுமிக்கொண்டு ஓடியது. மருந்தகத்துக்குப் போக நேரும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்காத தூரமாகப் பார்த்து நிற்பேன்.

பிறகு அதன் மின்விசிறி தேய்ந்து, பெட்டி சூடாக ஆரம்பித்தது. புதுக் கணினி வந்து இறங்கியது. எங்கள் பிரிவுத் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்கதான்மா செய்யணும். அவர் கை வேற யாருக்குப் புரியும்?" என்றார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் கண்ணாடியைத் துடைத்தார் என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு, கையில் நுரையோடு திரும்பினாள்.

"அதைத் திறக்கப் போறீங்களா அக்கா?"

"திறந்துதானே ஆகணும்."

"அன்னைக்கு எங்க போனார்னு அதுல எதாவது இருக்குமா?"

"இருக்குமான்னு தெரியலம்மா."

"இருந்தா சொல்லுங்க. நல்லதா மட்டும் பொறுக்கிச் சொல்ல வேண்டாம். எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"எதுவா இருந்தாலும் சொல்றேன்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே ஒழிய, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதில் என்ன இருக்குமோ என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். சித்தி தைத்த முள் எனக்குள்ளும் கொஞ்சம் இருந்திருக்கிறது.

மருந்தகம் மூச்சுவிடும் ஒரு மதிய இடைவெளியில் பழைய கணினியை நிறுத்தி, அதன் வன்வட்டை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு, மறுபடி ஓடவிட்டோம். பிரதியைச் சர்வர் அறையில் என் மேசைக்குக் கொண்டுவந்தேன். அந்த அறையில் எப்போதும் குளிர், எப்போதும் இரைச்சல். நாற்காலியில் தொங்கும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வெளியுலகம் மறந்துவிடும். அன்று மறக்கவில்லை.

எது அவனுடையது, எது கணினியோடு வந்தது? நான் சொன்னபடியே எல்லாம் கலந்து கிடந்தது. ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கணினியோடு வரும் ஒவ்வொரு ஃபைலும் ஏதாவது ஒரு பேக்கேஜை, அதாவது ஒன்றாகக் கட்டி வந்த தொகுப்பைச் சேர்ந்தது. எந்த ஃபைல் எந்தப் பேக்கேஜுடையது என்று கணினிக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு ஃபைலையும் காட்டி, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். யாரும் உரிமை கொண்டாடாதவை அவனுடையவை.

கேட்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வரிசையாக வந்து விழுந்தன. உப்பு அட்டவணை ஓரிடத்தில், சர்க்கரை அட்டவணை வேறோரிடத்தில். கணக்குப் போடும் நிரல் யூஎஸ்ஆரின் நட்ட நடுவில், கணினியின் சொந்தப் பிள்ளைகளுக்கு நடுவே கால் நீட்டிப் படுத்திருந்தது. எழுத்துருக்கள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில், முன்பல் விழுந்த மகளின் புகைப்படம் ஒன்று! "இதை எதுக்குடா இங்க கொண்டாந்து வச்ச, மூட்டை?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே பொறுக்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு அவனைத் திட்டுகிறேன் என்பது பாதி வேலையில்தான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவற்றில் எதிலும் எதுவும் இல்லை.

புதுக் கணினியில் ஆப்டுக்குள் ஓர் அறை போட்டு எல்லாவற்றையும் அதற்குள் வைத்தேன். அந்த அறைக்கு ஆக்கியவர் பெயரை வைப்பது வழக்கம். மூட்டை என்று வைத்தேன். தலைவர் திரையைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா பேரு?" என்றார். "எழுதினவன் பேரு சார். வழக்கம் அப்படித்தான்" என்றேன். அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

அடுத்தது சோதனை. பழைய கணினிக்கும் புதுக் கணினிக்கும் ஒரே குழந்தையின் எடையையும் தேவைகளையும் கொடுத்து, இரண்டிலும் லேபிள் அடித்துப் பார்க்க வேண்டும். கலவை அறையின் மருந்தாளர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. அளந்துதான் பேசுவார், அளந்துதான் சிரிப்பார். இரண்டு லேபிள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது.

பழையதில் பொட்டாசியம் 0.75 என்று இருந்தது. புதியதில் 0.7.

"திரையில பாருங்க" என்றேன். திரையில் இரண்டிலும் 0.75 தான். கணக்குச் சரி. தாளில்தான் கடைசி எண் காணவில்லை. நீளமான வரிகள் எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் ஓர் எழுத்து வெட்டுப்பட்டிருந்தது.

"முழுசா ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தை" என்றார் மருந்தாளர், லேபிளைக் கீழே வைக்காமல். "பழசுல இப்படி ஒரு நாளும் வந்ததில்லையே. அவர் ஏதோ செஞ்சிருக்கார்."

ஏதோ செய்திருக்கிறான். ஆனால் அவனுடையதாக நான் கண்ட எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டேனே? மறுபடி பிரதியின் முன் உட்கார்ந்தேன். லேபிள் அச்சிடும் பகுதியில் இருந்த ஃபைல்கள் ஒவ்வொன்றையும் யாருடையது என்று கேட்டேன். எல்லாமே தன்னுடையது என்றது கணினி. அவனுடையது என்று அங்கே ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் நான் கேட்கும் கேள்வியே தவறு என்று பட்டது. யாருடையது என்று கேட்டால் பெயரைத்தான் பார்த்துச் சொல்லும். தன் பெயரில் இருக்கும் ஒன்றை இன்னொருவன் மாற்றி எழுதியிருந்தாலும், அதற்கு அது தன்னுடையதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீ வைத்தது நீ வைத்தபடியே இருக்கிறதா? அதற்கும் கணினியிடம் வழி உண்டு. தான் வைத்த ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்துக்கும் ஓர் அடையாளம் குறித்து வைத்திருக்கும், ஒப்பிட்டுச் சொல்லும்.

கேட்டேன். அது மெதுவாக ஓடி, யூஎஸ்ஆர் முழுவதையும் சரிபார்த்து, ஒரே ஒரு வரியைத் திரையில் போட்டது. லேபிள் பிரிண்டருக்கு எழுத்துகளை அனுப்பும் சிறு நிரல் ஒன்று. அது வைத்தபடி இல்லை. தன் ஃபைலைத் தனியாக வைக்கக்கூடச் சோம்பல்பட்டு, கணினியின் சொந்த ஃபைலையே திருத்தி, அதே இடத்தில், அதே பெயரில் வைத்திருக்கிறான்.

பக்கத்தில் அது கடைசியாக எழுதப்பட்ட தேதி இருந்தது. அந்த ஞாயிறு. காலை.

கணினியின் அப்டேட் பதிவைத் திறந்தேன். அதே ஞாயிறு விடிகாலையில் அச்சிடும் பேக்கேஜுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. புதுப் பதிப்பு தன் ஃபைலை அவன் ஃபைலின் மேலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறது, நான் சொன்ன மாதிரியே. அப்படியே விட்டிருந்தால் அன்றைய முதல் லேபிளிலிருந்தே எண்கள் வெட்டுப்பட்டிருக்கும். விட்டானா? மகளின் இன்னொரு பின்னலைப் பின்னாமல் விட்டுவிட்டு வந்து, மருந்தகத்தின் பின்வாசலை அவனிடமிருந்த சாவியால் திறந்து, தன் ஃபைலை மறுபடி அந்த இடத்தில் வைத்திருக்கிறான். வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறான். வெளியிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைய வழியில்லை, நேரில்தான் வரவேண்டும். முந்தைய முதல் ஞாயிறுகளிலும் அவன் உள்ளே நுழைந்ததற்கான தடம் பதிவில் இருந்தது. பேக்கேஜ் மாறாத மாதங்களில் பார்த்துவிட்டு மட்டும் போயிருக்கிறான். மாறிய மாதங்களில் தன் ஃபைலை மறுபடி எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அத்தனை வருடமாக அந்த நிரல் நிற்காமல் ஓடியதற்கு அதுதான் காரணம். என்னிடம் புருவத்தைத் தூக்கிக் காட்டினானே, அந்தப் பெருமைக்குப் பின்னால் இவ்வளவு ஓட்டம்.

என்னிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். திட்டிவிட்டு மாற்றிக் கொடுத்திருப்பேன். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்த ஃபைலைத் திறந்தேன். முதல் வரியில், நிரல் ஓடும்போது கணினி கண்டுகொள்ளாத குறிப்பாக, எழுதி வைத்திருந்தான்: "அக்கா பார்த்தால் தொலைந்தேன். அப்புறம் ஆப்டுக்கு மாற்ற வேண்டும்."

நான் சொன்னது சரி. முதல் நாளிலிருந்தே சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யாரிடம் போய்ப் புருவத்தைத் தூக்கிக் காட்டுவது? மேசையில் தலையை வைத்து அழுதேன். சர்வர் அறை இரைச்சலுக்கு அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மருந்தகத்துக்குப் போய் மருந்தாளரிடம் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"சில ஞாயித்துக்கிழமை நான் வந்து திறக்கும்போது குப்பைத்தொட்டியில ஒரு லேபிள் கிடக்கும்" என்றார். "குழந்தை பேர் இருக்கிற இடத்துல மூட்டைன்னு இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை மெஷின் தானா டெஸ்ட் அடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவர் போனதுக்கப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அப்டேட்டை நிறுத்தினதால இருக்கும்னு விட்டுட்டேன்."

மூட்டை யார் என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபைலைப் புதுக் கணினியில் ஆப்டுக்குள் இருந்த அவன் அறையில் வைத்தேன். பிரிண்டரிடம், எழுத்துகளை இனி இங்கிருந்து வாங்கிக்கொள் என்று ஒரு வரி மாற்றிச் சொன்னேன். கணினியின் சொந்த ஃபைலைத் தொடவே இல்லை. லேபிள் அடித்தோம். 0.75. மருந்தாளர் விரலால் அந்த ஐந்தைத் தொட்டுப் பார்த்தார். ஆரம்பித்ததிலிருந்து முடித்தது வரை, ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு வரை நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. புதுக் கணினிக்கு அப்டேட் வழியைத் திறந்துவிட்டிருந்தோம். அச்சிடும் பேக்கேஜுக்கும் புதுப் பதிப்பு வரவிருந்தது. அது வந்து போன பிறகும் லேபிள் சரியாக இருந்தால்தான் நான் கண்டது முழுசாக நிஜம். அன்று காலை தம்பி வீட்டில்தான் இருந்தேன். பத்து மணிக்குக் கொஞ்சம் பின்னால் மருந்தாளர் ஃபோன் பண்ணினார். "எல்லாம் சரியா வந்திருக்கு. நீங்க வர வேண்டியதில்லை" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லேபிளைப் பற்றி, ஃபைலைப் பற்றி, குப்பைத்தொட்டியில் கிடந்த மூட்டை என்ற பெயரைப் பற்றி. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கார்."

"ஆமா."

"மாசா மாசமும்."

"ஆமாம்மா. ஒரு மாசம் விடாம."

அவள் முகத்தில் பல மாதமாக இறுகிக் கிடந்தது ஏதோ தளர்ந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சித்திக்கு ஃபோன் போடணும்" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே முதல் ஞாயிறு யாரு போவாங்க? நீங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் போக வேண்டாம். இடம் மாத்தி வச்சிட்டேன். இனிமே எத்தனை அப்டேட் வந்தாலும் அதைத் தொடாது."

"அப்படி மாத்த முடியுமா?"

"முடியும்."

"எவ்வளவு நாள் ஆச்சு அதுக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரொம்ப நாள் ஆச்சும்மா, கஷ்டமான வேலை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் எதுவா இருந்தாலும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை இறுக்கி மூடினாள். அங்கேயே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு நிமிஷம்" என்று மெல்லத் திருப்பிச் சொன்னாள். "அவரைத் திட்டுங்க அக்கா. நான் திட்டினா சிரிப்பார். நீங்க திட்டினாத்தான் கொஞ்சமாவது உறைக்கும்."

"எத்தனை தடவைடா சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். "எதை எங்க வைக்கணும்னு..." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அவனைத் திட்டிய வாய் இது. ஒரு நாளும் சொல்லுக்குத் திண்டாடியதில்லை.

அவள் திரும்பி வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கதவோரம் சத்தம் கேட்டுப் பார்த்தால், அவன் மகள் சீப்போடும் இரண்டு ரிப்பனோடும் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தலை பின்ன உட்காருகிற யாருக்கும் அவள் ஒரு கட்டளை வைத்திருக்கிறாள்.

"அத்தை, ரெண்டையும் முடிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும். நடுவுல எங்கயாவது போகணுமா உனக்கு?"

"இல்லடி" என்றேன். "எங்கயும் போக வேண்டியதில்ல." தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, வகிடு எடுத்தேன்.